யோர்தான் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை: கறுப்பினப் பாடல்களில் ஆறு

1. எடுத்துக்கொண்ட பொருள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல்களில் அடையாளம் என்றதும் பலரும் நிறத்தையும் முடியையும் ஆப்பிரிக்காவையும் தேடிப் போகிறார்கள். 1968-இல் ஜேம்ஸ் பிரவுன் கறுப்பின் பெருமையை உரக்கச் சொன்ன பிறகு அந்தத் தேடல் எளிதாகிவிட்டது. ஆனால் அதற்கு நூறாண்டுக்கு முன்பே அந்த வரலாற்றைச் சுமக்கத் தொடங்கிய சொல் ஆறு. சொல் அப்படியே இருக்கிறது, பாடுகிறவர் நிற்கும் இடம்தான் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. இக்கட்டுரை அந்த இடமாற்றத்தை மட்டும் பார்க்கிறது. ரெகேயையும் ராப்பையும் இங்கே தொடவில்லை.

2. கரையில் நிற்பவர்

அடிமைக் காலத்து 'ஸ்பிரிச்சுவல்' பாடல்களில் திரும்பத் திரும்ப வருவது யோர்தான் ஆறு. இஸ்ரவேலர் அதைக் கடந்து கானானுக்குள் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்த பண்ணை முதலாளிக்கு அது வேதாகமக் கதை, மறுமை பற்றிய பக்திப் பாட்டு. பாடியவர்களுக்கோ கென்டக்கிக்கு வடக்கே ஓடும் ஓஹையோ ஆறும் நினைவில் இருந்தது. தென்கரையில் அடிமைமுறை சட்டம், வடகரையில் அது இல்லை. தாமும் தோழர்களும் கானானைப் பாடியபோது வடக்கையே எண்ணியதாக, தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1855-இல் வெளியான தன்வரலாற்றில் எழுதுகிறார்.

நம் இலக்கண மரபில் இதற்கு நெருங்கி வருவது, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உள்ளே வைக்கும் உள்ளுறை. ஒரு வேறுபாடும் உண்டு. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே உள்ளுறைக்கு இடம் என்கிறது தொல்காப்பியம். இங்கே தெய்வமே முன்னால் நின்று உள்ளிருப்பதை மறைக்கிறது.

அடிமைகளைத் தப்புவித்து வடக்கே அழைத்துச் சென்ற ஹாரியட் டப்மன் ஒரு பாட்டைப் பாடி, மோப்பநாய்களுக்குத் தப்ப நீரில் இறங்கச் சொன்னார் என்றொரு கதை உலவுகிறது. சுவையான கதை. அக்காலச் சான்றோடு யாரும் அதை நிறுவியதில்லை என்பதால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. டக்ளஸின் வாக்குமூலமே போதும்.

1871-இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர், கடனில் தத்தளித்த தங்கள் கல்லூரிக்குப் பணம் திரட்டப் பாடக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஸ்பிரிச்சுவல் பாடல்கள் கச்சேரி மேடையில் பரவலாக ஒலித்தது அவர்களால்தான்.

3. வெள்ளத்தில் அகப்பட்டவர்

ப்ளூஸ் பாடலில் ஆற்றுக்கு மறுகரை கிடையாது. பெஸ்ஸி ஸ்மித் 1927 பிப்ரவரியில் பதிவுசெய்த 'பேக்வாட்டர் ப்ளூஸ்' வீடிழந்த ஒரு பெண்ணின் புலம்பல். அதே ஆண்டு ஏப்ரலில் மிசிசிப்பி கரையுடைத்தது. கிரீன்வில் நகரில் கறுப்பின ஆண்கள் துப்பாக்கிக் காவலின்கீழ் கரை அணையில் வேலை வாங்கப்பட்டார்கள். சார்லி பேட்டன் 1929-இல் பாடிய வெள்ளப் பாட்டில், மேட்டுநிலத்துக்குப் போக வழி மறிக்கப்பட்டவனின் குரல் கேட்கிறது. மழை எல்லார்மேலும் பெய்தது. யார் ஏறித் தப்பலாம் என்பதை நிறம் முடிவுசெய்தது.

4. ஆறாகவே ஆனவர்

சாம் குக் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலில் 1931-இல் பிறந்தவர். கோயில் பாட்டுக் குழுவில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே, இயேசு நீர் தந்ததைச் சொல்லும் பாட்டு. 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் வெள்ளையர் விடுதி ஒன்று அவருக்கு அறை தர மறுத்தது. அடுத்த ஜனவரியில் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பதிவானது. ஆற்றங்கரையில் தொடங்கும் அப்பாட்டில் ஆறும் பாடுகிறவரும் ஒன்று. இருவருக்கும் ஓட்டம் நிற்பதில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். பாட்டின் நடுவே ஒரு பத்தி, சினிமாவுக்கும் கடைத்தெருவுக்கும் போனால் இங்கே நிற்காதே என்று விரட்டப்படுவதைச் சொல்கிறது. நிறப் பாகுபாட்டை மூடாமல் சொல்லும் இடம் அதுதான். 1964 டிசம்பரில், குக் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில் வெளிவந்த ஒற்றைப் பாட்டு இசைத்தட்டில் அந்தப் பத்தி இல்லை. நீளத்தைக் குறைக்கவோ, வம்பைத் தவிர்க்கவோ, கடைத்தெரு வெட்டப்பட்டது, ஆறு மட்டும் வானொலிக்குப் போனது. குறியீடு அழகுக்காக மட்டுமே வருவதாக எண்ணுகிறவர்கள் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

5. நீரின் மேல் நிற்பவர்

2016 பிப்ரவரியில் பியான்சே வெளியிட்ட 'ஃபார்மேஷன்' எதையும் ஒளிக்கவில்லை. அலபாமா தந்தை, லூசியானா தாய், மூக்கு, முடி எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. காணொளியில் வெள்ளம் சூழ்ந்த நியூ ஆர்லியன்ஸ் தெரு, நீரில் பாதி மூழ்கிய போலீஸ் கார், அதன் கூரையில் அவர். 2005-இல் கத்ரீனா புயலின்போது கரை அணைகள் உடைந்து அந்நகரின் 80 விழுக்காடு நீரில் கிடந்தது.

வெளிப்படையாகப் பேச முடிந்த காலத்தில் நீர் எதற்கு என்று கேட்கலாம். மறைக்க அல்ல, முன்னோரை அழைத்துவரத்தான் என்பது என் கருத்து. பேட்டனின் வெள்ளத்தை அறிந்தவருக்கு அந்தக் கார் 1927-லிருந்து மிதந்து வருகிறது. வெற்றி முழக்கம் என்று இதைப் படிப்பவர்கள் கடைசிக் காட்சியைக் கவனிப்பதில்லை: கார் மூழ்குகிறது, கூரையில் மல்லாந்து கிடக்கும் அவரும் அதோடு நீருக்குள் போகிறார்.