உள்நாட்டுப் பாதுகாப்புப் பட்டம் பிறந்த கதை

2001 செப்டம்பர் 11. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் காலை 9.59க்குச் சரிந்தது, வடக்குக் கோபுரம் 10.28க்கு. நடுவே இருந்தது 29 நிமிடம். வானில் சுற்றிய ஹெலிகாப்டர்களிலிருந்து, மிச்சமிருக்கும் கோபுரமும் தாங்காது என்று போலீஸார் வயர்லெஸ்ஸில் எச்சரித்தார்கள். கீழே இருந்த போலீஸ்காரர்களுக்கு அது கேட்டது. கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ் தனி. அந்தக் குரல் அவர்களை எட்டவில்லை. பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அன்றைக்கு இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர்.

ஒரே ஊர், ஒரே தாக்குதல், இரண்டு துறைகளுக்கும் தனித்தனிக் கட்டளை மையம். வயர்லெஸ்ஸை மாற்றிவிடலாம். ஒருவரையொருவர் கேட்காமல் வேலை செய்யும் பழக்கத்தை எப்படி மாற்றுவது? அதற்கு எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவின் மான்டரேயில், 1880இல் திறக்கப்பட்ட பழைய ஆடம்பர ஹோட்டல் ஒன்றின் வளாகத்தில் அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரி நடக்கிறது. 2002இல் அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புக்கென ஒரு மையம் தொடங்கியது. பணம் கொடுத்தது மத்திய அரசு. 2003 ஜனவரியில் முதுகலை வகுப்பு ஆரம்பம். 22 அமைப்புகளை ஒன்றுசேர்த்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முழுமையாக இயங்கத் தொடங்கியது அந்த மார்ச் 1ஆம் தேதிதான். துறைக்கு முன்பே படிப்பு வந்துவிட்டது!

சேர்ந்தவர்கள் தீயணைப்பு அதிகாரிகள், போலீஸ் அதிகாரிகள், பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர்கள், பேரிடர் மேலாண்மைக்காரர்கள். குடும்பமும் வேலையும் உள்ளவர்கள். விட்டுவிட்டு வந்து படிக்க முடியாது. அதனால் படிப்பை அவர்களுக்கேற்ப அமைத்தார்கள். பதினெட்டு மாதம். ஒவ்வொரு காலாண்டிலும் இரண்டு வாரம் மட்டும் நேரில் வந்தால் போதும், மற்றதெல்லாம் இணையத்தில். கல்விக் கட்டணம் கிடையாது. பயணச் செலவும் அரசுடையது. முடிவில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். நாள் முழுக்கப் பணியில் இருக்கிறவர் இரவில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதுவது லேசான காரியமல்ல. ஆனால் போலீஸ் அதிகாரியின் வாதத்தைத் தீயணைப்பு அதிகாரி மறுத்துப் பேசுகிற அந்த வகுப்பறைதான் இந்தப் படிப்பின் உயிர் என்று நினைக்கிறேன்.

மான்டரே மையம் தன் பாடத்திட்டத்தைப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது. பிறகு நாடெங்கும் இளங்கலையும் முதுகலையும் சான்றிதழ்ப் படிப்புமாகப் பெருகின. பாடம் பரவிய வேகத்தில் அந்த இலவசம் பரவவில்லை. பணியில் இருப்பவர்களுக்காக அரசு செலவில் பிறந்த படிப்புக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் இதைப் படிக்க நினைப்பவர்களுக்கு மலிவான வழி இல்லாமல் இல்லை. அரசுப் பணியில் ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் மான்டரேக்கு விண்ணப்பிக்கலாம். 2001 தாக்குதலுக்குப் பிந்தைய ராணுவச் சேவைக்கு, 2008இல் வந்த சட்டம் கல்விச் செலவைத் தருகிறது. பள்ளி முடித்தவர்கள் முதல் இரண்டு ஆண்டை உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு, சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். கட்டணம் வெகுவாகக் குறையும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை உண்டு, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா, அங்கே எடுக்கும் பாடங்களைச் சேரப்போகும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.