தேறியவர் தேற்றுதல்: தமிழகத்தில் சக ஆதரவு வளர்ந்த வரலாறும் கல்வராயன் மலையும்

1794ஆம் ஆண்டு வாலன்டைன் கொனொலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த ழான் பாப்திஸ்த் பூசென் வேறொரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயிலிருந்து தேறியவர்களையே நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு அமர்த்தினார். பட்டவர்கள் நோயாளிமேல் கை ஓங்கமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. இவ்விரு தொடக்கங்களில் முதலாவது தமிழகத்தில் சட்டமாகவும் கட்டடமாகவும் வளர்ந்தது. இரண்டாவது இங்கு வந்துசேர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும் மனநல மருத்துவமனை வாசல் வழியாக வரவில்லை. அது எந்தெந்த வழிகளில் வந்தது, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் கல்வராயன் மலைக்கும் அதில் எவ்வளவு கிட்டியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடும் மனச்சோர்வு என்பது நாலு நாள் வருத்தம் அல்ல. வாரக்கணக்கில் விடாமல் நீளும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தான் யாருக்கும் பாரம் என்ற எண்ணம், சிலருக்கு வாழ்வையே முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு ஆகியவை சேர்ந்த நோய் அது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. “உடம்பெல்லாம் அசதியா இருக்கு”, “நெஞ்சு பாரமா இருக்கு”, “எதுலயும் புடிப்பு இல்ல” என்றுதான் வருகிறது. சத்து மாத்திரையோடு திரும்பியும் போகிறது. இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஊரே திரளும். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து அழுவார்கள். பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அக்கம்பக்கம் பார்க்கும். உயிரோடு இருந்துகொண்டே உள்ளுக்குள் இடிந்துபோனவரைத் துக்கம் விசாரிக்க நம் ஊர்களில் ஒரு முறை கிடையாது. சக ஆதரவு இந்த வெற்றிடத்தைத்தான் நிரப்புகிறது. ஒரு துன்பத்தைத் தானும் பட்டு ஓரளவு மீண்டவர், அதே துன்பத்தில் இருப்பவருக்குத் துணை நிற்பதே அது. மாத்திரைக்கும் மருத்துவருக்கும் அது மாற்று அல்ல. கடும் நிலையில் இரண்டும் வேண்டும்.

சுவரும் குடும்பமும்

1871இல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் அரசுக் காப்பகம் 145 நோயாளிகளுடன் செயல்படத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியைச் சேர்ப்பதை நீதிமன்றத்தோடும் காவல் துறையோடும் பிணைத்தது. 1922இல் காப்பகம் மனநல மருத்துவமனை ஆனது. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் அங்கே மறுவாழ்வுப் பணியை வலுப்படுத்தினார். 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பையும் நிறுவினார்.

காப்பகச் சுவரில் முதல் விரிசல் வேலூரில் விழுந்தது. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கினார்கள். அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் அதே பத்தாண்டில் கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்கவைத்தார். பக்கத்து அறையில் இன்னொரு தாயும் இதே பாட்டைப் படுகிறாள் என்று கண்ட தாய்க்கு அதுவே ஓர் ஆறுதல். 1989இல் சென்னையில் நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றுகூடி ‘ஆஷா’ சங்கத்தை அமைத்ததில் இந்த ஆறுதல் அமைப்பு வடிவம் பெற்றது. எனினும் அங்கே பேசியவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. நோயைப் பட்டவரின் குரல் பிறகுதான் வந்தது.

கோயிலும் தர்காவும் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன. தமிழகத்தில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயின் கடுமை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாகவும், அதற்குச் சடங்குகளைவிட அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே காரணமாகலாம் என்றும் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்கா அருகே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் சிக்கி மாண்டார்கள். வழிபாட்டுத் தலத்தைச் சுற்றி ஆறுதலும் கிடைத்தது, சங்கிலியும் கிடைத்தது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கும் எழுத்து நேர்மையாகாது.

குடிநோயாளிகளின் வட்டம்

பட்டவரே பட்டவருக்குத் துணை என்ற கருத்து தமிழகத்துக்குக் குடிநோய் வழியாகவே வந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1957இல் இந்தியாவுக்கு வந்தது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியால் கணவரை இளம் வயதில் இழந்தவர் அவர். தான் பட்டதிலிருந்து ஒரு நிறுவனத்தையே எழுப்பிய அவர் இந்த வரலாற்றின் மையத்தில் நிற்கிறார். அவருடைய மருத்துவமனை மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாம் நடத்திச் சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நடக்கும் விதத்தை உற்றுப் பார்க்க வேண்டும். வகுப்பறையோ சர்ச் கூடமோ கிடைத்தால் போதும். நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். மேடை இல்லை, தலைமையுரை இல்லை. ஒருவர் எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குகிறார். ஊர், சாதி, உத்தியோகம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. அடுத்தவர் தன் கதையைச் சொல்கிறார். கேட்டவர் மனத்தில் ‘நமக்கு மட்டும் இல்லை’ என்ற எண்ணம் விழுகிறது. பெயரோடு சாதியும் ஊரும் ஒட்டிக்கொண்டு வரும் சமூகத்தில், அவற்றை வாசலில் விட்டு ஒருவர் தன் இழிவைச் சொல்லலாம் என்ற இடம் உருவானதை நான் மிகப் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். குடித்தவரின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அடியும் கடனும் அவமானமும் தாங்கி மனச்சோர்வில் விழுந்த பெண்கள் முதன்முதலில் வாய் திறந்து பேசிய இடங்களில் அதுவும் ஒன்று.

அனுபவமே தகுதி என்ற இந்த நியாயத்தை அடுத்து ஏந்தியவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமியும் உடன் இருந்தவர்களும் 1998இல் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். எங்களைப் பற்றி முடிவெடுக்கும் அறையில் நாங்களும் இருப்போம் என்று கேட்டார்கள், பெற்றார்கள். மனநோய்த் துறையில் அந்தக் குரல் இன்னும் அவ்வளவு ஓங்கி ஒலிக்கவில்லை.

கேட்பவர்கள்

தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்குக் காதுகொடுக்க 1953இல் லண்டனில் சாட் வராஹ் தொடங்கிய சமாரிட்டன்ஸ் இயக்கத்தின் தாக்கத்தில் 1974இல் இலங்கையில் சுமித்ரயோவும், 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் முயற்சியால் சென்னையில் ‘சிநேகா’வும் பிறந்தன. 1980களின் பிற்பகுதியில் போர் நடுவே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணையைத் தொடங்கியது. சிநேகாவில் தொலைபேசியை எடுப்பவர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவர் தீர்ப்பு சொல்லாமல் கேட்கிறார். சுனாமிக்குப் பின் சென்னை சீனிவாசபுரத்தில் உறவினரை இழந்தவர்களைத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று பார்த்தபோது, அவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது 2008இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

இந்தத் தன்னார்வலர் தானும் அந்நோய் பட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இது சக ஆதரவின் நெருங்கிய உறவே தவிர, அதுவே அல்ல. ஆய்வு நூல்கள் பலவும் இரண்டையும் ஒன்றாக எண்ணுகின்றன. அது சரியில்லை என்பது என் கருத்து. நல்ல காது ஒன்று, தானும் அந்த இருட்டில் இருந்து வந்தேன் என்று சொல்லக்கூடிய வாய் வேறொன்று.

தென்னார்க்காட்டின் குழுக்கள்

கள்ளக்குறிச்சிக்கு நேரடியாக வந்த வழி மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991–92இல் சேலத்துக்கும் ஒருங்கிணைந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் விரிந்தது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. 1993இல் விழுப்புரத்துக்குப் போய், 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. கல்வராயன் மலையோ தமிழகத்தின் பல மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இந்தத் திட்டம் அதன் சேலம் பக்கத்தையும் தென்னார்க்காட்டுப் பக்கத்தையும் தொட்டது.

குழு சேமிப்புக்காக வந்தது, மனநலத்துக்காக அல்ல. ஆனால் அதன் நடைமுறையில் ஒரு சிறு விதி இருக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பாய் விரித்து உட்கார்ந்ததும் ஊக்குநர் பெயர்களை வாசிப்பார். ஒருத்தி தொடர்ந்து வராவிட்டால் யாராவது அவள் வீட்டுக்குப் போய், “ஏம்மா வரல?” என்று கேட்டுவர வேண்டும். கடும் மனச்சோர்வின் முதல் வெளி அடையாளமே ஒதுங்கிப்போவதுதான். வாசலைத் தாண்ட மனமில்லாமல் கிடப்பதுதான். அதைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவமனையிடமும் இல்லாத கருவி அந்த நோட்டுப் புத்தகம். இதை இதுவரை யாரும் மனநலப் பணிக்கு உரிய அளவு பயன்படுத்தவில்லை.

குழுவுக்கு மறுபக்கமும் உண்டு. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அதே குழு வடிவத்தை எடுத்துக்கொண்டன. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. நலம் விசாரிக்கப் போன கால்களே கடன் கேட்கவும் போயின. வசூலில் நடக்கும் வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு சட்டம் இயற்றவேண்டிய அளவுக்கு அது முற்றியது. எனவே மனநலத்துக்கான குழு, கடன் கணக்கிலிருந்து முற்றிலும் விலகி நிற்க வேண்டும்.

கோவா தந்த சான்று

எளிய மனிதர்களின் துணை கடும் மனச்சோர்வுக்கு உதவுமா என்ற ஐயத்துக்கு விடை கோவாவில் கிடைத்தது. விக்ரம் படேலும் குழுவினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு கடுமையான முதல் கடும் மனச்சோர்வு வரை கொண்ட 495 பேரை ஆராய்ந்து 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்தார்கள். விட்டுப்போன சிறு வேலைகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கவைப்பதே அவர்கள் முறை: இன்று குளிப்பது, நாளை கடைக்குப் போவது, மறுநாள் அக்காளுக்குப் போன் செய்வது. மூன்று மாதத்தில் அவர்களைச் சந்தித்தவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே தேறினர். ஆலோசகர்கள் ஒருவர் பணியை ஒருவர் மதிப்பிட்டுத் தரத்தைக் காத்தார்கள். குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் 2014க்குப் பின் நடந்த ‘குவாலிட்டி ரைட்ஸ்’ திட்டம் இன்னொரு படி மேலே போய், நோயைப் பட்டவர்களையே சக ஆதரவாளர்களாகப் பயிற்றுவித்தது. பூசென் செய்தது இரண்டு நூற்றாண்டு கழித்து இந்திய அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தது.

மலை

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக மூன்று ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்தவர்கள். 1976இல்தான் அரசு அந்த ஜாகீர்களைக் கையகப்படுத்தியது. சாமையும் மரவள்ளியும் விளையும் நிலம் போதாமல் பிழைப்புக்கு வெளியூர் போவோர் பலர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிய பேச்சு தொடங்கியது. கருணாபுரத்தில் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் விதவையான பெண்களின் துயரம் இழப்பீட்டுத் தொகையோடு முடிந்துவிடாது. அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு நிலையான இடம் கேட்பது அதிகமான கோரிக்கை அல்ல.

சட்டத்தில் ஏற்கெனவே வழி உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்களின் பிரதிநிதிகள் இருவருக்கு மாநில மனநல ஆணையத்தில் இடம் தருகிறது. கிராமத்துக்குப் போகும் ஆளும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களே வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். 1997இல் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும் இன்று பரவியிருக்கிறது. ஆணையத்தில் நாற்காலி பெற்ற அனுபவசாலிக்கு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ போய்ப் பேசும் வேலை மட்டும் இல்லை.

அந்த வேலையை உருவாக்க வேண்டும். மனச்சோர்விலிருந்து தேறிய, அந்தந்த ஊரின் பேச்சு பேசும் ஆணும் பெண்ணுமாகச் சிலரை மாவட்ட மனநலத் திட்டத்தில் ஊதியத்தோடு நியமிக்க வேண்டும். இலவச உழைப்பை மீண்டும் மலை மக்களிடம் கேட்கக் கூடாது. அவர்கள் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவோடு தொடர்பில் இருக்க வேண்டும். ஆபத்தான நிலையைக் கண்டால் உடனே அங்கு அனுப்பவும், தாங்களே மீண்டும் சோர்ந்தால் விடுப்பு எடுக்கவும் வழி இருக்க வேண்டும். முதல் நியமனம் வெள்ளிமலையிலும் கருணாபுரத்திலும் நடக்கட்டும்.

அதுவரை, இதைப் படிப்பவரோ அவர் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் தாங்க முடியாத நிலையில் இருந்தால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். கூட்டத்துக்கு வராமல் போனவர் வீட்டுக்கு இன்றே ஒருமுறை போய்வாருங்கள்.