பல்லாரி வழியாக வந்த மேடை

தமிழ் நாடக மேடையின் கதையைச் சென்னையில் தொடங்கிச் சென்னையிலேயே முடிப்பது நம் வழக்கம். சித்தூர், திருப்பதிப் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கதை அவ்வளவு நேராக இல்லை. படுதாவும் டிக்கெட்டும் கொண்ட நாடகம் இந்தப் பகுதிக்குத் துறைமுகத்திலிருந்து வரவில்லை, மேற்கிலிருந்து வந்தது. 1843-ல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே தொடங்கிவைத்த மராத்தி நாடகத்தின் தாக்கம் தார்வாட் கம்பெனிகளின் வழியே தெற்கே இறங்கியது. 1880-ல் ராஜமுந்திரியில் ஆடிய ஒரு தார்வாட் கம்பெனி ஊரைவிட்டுக் கிளம்பியதும், அவர்கள் விட்டுப்போன கொட்டகையிலேயே கந்துகூரி வீரேசலிங்கம் தெலுங்கு நாடகம் போட்டார். ஆறே ஆண்டில் பல்லாரியில் தர்மவரம் ராமகிருஷ்ணமாசார்யுலு சரச வினோதினி சபையைத் தொடங்கிவிட்டார். அங்கிருந்து இந்தப் பக்கம் வர ரயில் இருந்தது. 1871-ல் ராய்ச்சூரில் இணைந்த சென்னை–பம்பாய் ரயில் பாதை திருப்பதியை ஒட்டிய ரேணிகுண்டா வழியாகத்தான் போகிறது. பல்லாரிக்குப் பிரியும் குண்டக்கல்லும் அதே பாதையில்தான். சீன் படுதா, ஆர்மோனியம், உடுப்புப் பெட்டி என்று இத்தனை சுமையோடு மாட்டு வண்டியில் எத்தனை ஊர் சுற்ற முடியும்?

மேடை வருவதற்கு முன் இங்கே கூத்து இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, இன்றும் இருக்கிறது. சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தமிழிலும் தெலுங்கிலும் நடக்கிறது. கதைக்கோ பாட்டுக்கோ இங்கே பஞ்சமில்லை. வேறுபாடு காசு வரும் வழியில் இருந்தது. கூத்துக்கு ஊர் வரி போட்டுப் பணம் கொடுக்கும், விடிய விடிய ஆடலாம். கம்பெனிக்கு வாசலில் வசூலாகும் டிக்கெட் காசுதான் வருமானம். கூட்டம் குறைந்தால் நாடகத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஊரை மாற்ற வேண்டும். அதேசமயம் பழைய கலைஞர்கள் ஒதுங்கிப்போய்விடவும் இல்லை. 1885-ல் கடப்பைப் பக்கம் சுரபி கிராமத்தில் கீசக வதம் ஆடி நாடகக்காரர்களானவர்கள் தோல்பாவைக் கூத்துக் குடும்பத்தார். அவர்களிடம் பெண் வேடத்தைப் பெண்களே கட்டினார்கள் என்பதை, பையன்களுக்குச் சேலை கட்டிய நம் பாய்ஸ் கம்பெனிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். படச்சட்டம் போன்ற மேடை, பக்கத் தட்டி, எழுதிய திரை எல்லாம் வெள்ளைக்காரன் சரக்குதானே? வடிவம் அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் தமிழ் நாடக ஆசிரியரான பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரைப் படித்தவர், ஆங்கில நாடகத்தின் அருமை தெரிந்தவர். அப்படியிருந்தும் தமிழ் நாடகத்தை இளக்காரமாகவே நினைத்திருந்தார். அந்த எண்ணத்தை மாற்றியது 1891-ல் சென்னைக்கு வந்து ஆடிய பல்லாரி சபைதான். வக்கீல் ஒருவர் தாமே வேடம் கட்டி நடிப்பதைக் கண்ட அந்தப் பதினெட்டு வயது மாணவர், அதே ஆண்டு ஜூலை 1-ல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவன் மேடையேறினால் மானம் போகாது என்ற துணிச்சலை அவருக்குக் கொடுத்தது தெலுங்கு மேடை. என் பார்வையில் படுதாவையும் தட்டியையும்விட இந்தத் துணிச்சல்தான் பெரிய வரவு.

இனிச் சித்தூருக்கே திரும்புவோம். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். கோர்ட்டும் கச்சேரியும் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் நிறைந்த அந்த ஊரின் ராமவிலாச சபையில் சாரங்கதரா நாடகத்தில் சித்ராங்கி வேடம் கட்டிய இளைஞர்தான் பிற்காலத்தில் சித்தூர் நாகையா. தெலுங்கில் ‘தியாகய்யா’வாகவும் தமிழில் ‘அசோக் குமார்’, ‘மீரா’ படங்களிலும் நாம் பார்த்தவர். தர்மவரம் தெலுங்கில் எழுதிய அதே சாரங்கதரன் கதையைப் பம்மல் தமிழில் எழுதினார். சுகுண விலாச சபையும் தமிழோடு தெலுங்கு நாடகங்களையும் மேடையேற்றியது. தெலுங்கை ஒதுக்கிவிட்டு எழுதும் தமிழ் நாடக வரலாறு அரைகுறைதான்.