உப்புக்கண்டமும் மூன்று நாள் கட்டளையும்

குலசேகரன்பட்டினத்திலிருந்து மணப்பாட்டைக் கடந்து பெரியதாழைக்குச் செல்வோர், கடற்கரையில் மீன் உலர்வதைக் காணாமல் திரும்புவதரிது. பரதவ மக்கள் வாழும் அவ்வூரில் கருவாடு அன்றாடக் காட்சி. அதே வெயிலும் அதே தூத்துக்குடி உப்பும் இக்கரையோர முஸ்லிம் வீடுகளில் ஆண்டுக்கொருமுறை வேறொரு பணியையும் செய்துவந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் முற்றத்துக் கொடிகளில் குர்பானி இறைச்சி சரஞ்சரமாய்த் தொங்கும். அதுவே உப்புக்கண்டம்.

இதன் வேர் வேட்டையிலே உள்ளது. மானொன்று வீழ்ந்தால், அன்றே உண்டு தீராததை என்ன செய்வது? சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடியிருப்பில் சமைத்த உணவைச் சொல்லுமிடத்து 'வாடூன்' என்னும் சொல்லை ஆள்கிறது. வாடிய ஊன், அவ்வளவே பொருள். கடலுக்கு அப்பால், இலங்கையில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், வேடர்கள் மரப்பொந்தில் தேனூற்றி, அதில் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் வாயடைத்து, பஞ்சகாலத்துக்கு வைத்திருந்ததை 1681-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். உப்பைப் போலவே தேனும் இறைச்சியின் நீரை ஈர்த்துவிடும்; நீரின்றிக் கிருமி பெருகுவதில்லை.

அரபியர் உலர்ந்த இறைச்சியைக் 'கதீத்' என்றனர். தம்முன் நடுங்கி நின்ற ஒருவரிடம், தாம் அரசரல்லர், கதீத் உண்ட பெண்ணொருத்தியின் மகனே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறித் தேற்றியதாக இப்னு மாஜாவில் காண்கிறோம். துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாட்களுக்குத் 'தஷ்ரீக்' எனப் பெயர் வந்ததற்கும், இறைச்சியைக் கீறி வெயிலில் உலர்த்தியதையே அறிஞர் பலர் காரணமாகக் கூறுவர்.

ஆயினும் ஓராண்டில், குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருத்தலாகாதென நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஏழை நாட்டுப்புற மக்கள் மதீனாவுக்கு வந்திருந்த காலம் அது. மறு ஆண்டு தோழர்கள் வினவியபோது, உண்ணலாம், வழங்கலாம், சேமிக்கவும் செய்யலாம் என்று அத்தடையை நீக்கினார்கள். ஆக, உலர்த்துதல் குற்றமன்று. வாசலில் பசித்தவர் நிற்கையில் உலர்த்துவதே கேள்விக்குரியதாயிற்று. நம் பாட்டிமார் இதனை நூல் பார்த்துக் கற்றிருக்கமாட்டார்கள். எனினும் ஏழையரின் பங்கும் உறவினர் பங்கும் வீட்டைவிட்டுப் போன பின்னரே அரிவாள்மணையின் முன் அமர்ந்தார்கள்.

செய்முறை எளிது, பொறுமையே அரிது. கொழுப்பை ஒட்ட நீக்கவேண்டும். அது உலராது, சிக்கு நாற்றமடிக்கும். சதையை விரற்கனத்தில் நீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பிசறி, கோணியூசியால் நூலிற் கோத்து வெயிலிற் கட்டுவர். பொழுதுசாய எடுத்து, மறுநாள் மீண்டும் கட்டுவர். காக்கைக்குக் காவலாகச் சிறுவர் அமர்த்தப்படுவர். (காக்கையைவிடக் காவலரே மிகுதியாய்த் தின்றதுண்டு!) நான்கைந்து நாளில் விறகுபோல் இறுகும்.

பெருநாளோ ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னகர்வது. 1978-இலும் 2011-இலும் அது நவம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வந்தது. வெயில் கைவிடும் அத்தகைய ஆண்டுகளில் விறகடுப்பின் மேலே கயிறு கட்டிப் புகையில் உலர்த்துவதே வழி.

மானிறைச்சிக் கண்டம் இனி நமக்கில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான்வேட்டை குற்றம். அவ்விறைச்சியை வைத்திருப்பதும் குற்றமே. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆட்டுக்கண்டமும் அருகிப்போனதே வருத்தம். குளிர்பதனப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொடியில் தொங்கிய சரத்தைத் தெருவே கண்டது. மிகுதியாய்த் தொங்கினால் கேட்பதற்கும் ஆளிருந்தது. பெட்டிக்குள் முஹர்ரம் கடந்தும் உறைந்துகிடப்பதை யார் அறிவார்?

சில வீடுகளில் இன்றும் ஒரு சரமேனும் கட்டுகிறார்கள். வெந்நீரில் ஊறவைத்து, அம்மியில் தட்டி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் பொரித்தெடுத்தால், நான்கு துண்டுகள் ஒரு குடும்பத்தின் கஞ்சிக்குப் போதும்.