தொப்பிக்குப் போன ஆறு

பாலைவனம் எண்டா ஆதியிலிருந்தே தண்ணியில்லாத இடம் எண்டுதான் நாங்கள் நினைச்சிருந்தம். ஆனால் மெக்சிக்கோவில் பிறந்து அரிசோனாவுக்குள் வடக்கு நோக்கி ஓடும் சான் பெட்ரோ ஆற்றுக்கு, 1820களில் அங்கு வந்த வேட்டைக்காரர் வைத்த பெயர் 'பீவர் ஆறு'. அவ்வளவு பீவர்கள்!

மரத்தைப் பல்லால் அறுத்து, கொப்புகளாலும் சேற்றாலும் அணை கட்டும் விலங்கு பீவர். அணையில் மறிபட்ட தண்ணீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கும். மழையில்லாத மாதங்களிலும் கரை ஈரமாயிருக்கும். குளத்துக்குக் கீழே கிணறு வற்றாது எண்டு தெரிஞ்ச எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தொப்பி செய்ய அதன் உரோமத்தைச் சந்தை கேட்டது. பிடித்துப் பிடித்தே முடித்தார்கள். பிறகு நாகரிகம் பட்டுத் தொப்பிக்கு மாறியது. அணைகள் திரும்பி வரவில்லை. பின்னால் மாட்டு மந்தைகள் வந்தன, வெள்ளம் ஆற்றுப்படுக்கையை ஆழமாக அரித்தது.

1999இல் தொடங்கி, அமெரிக்க அரசின் நில முகாமைப் பணியகம் ஒரு டசினுக்கு மேற்பட்ட பீவர்களை அங்கு கொண்டுபோய் விட்டது. அவை திரும்பவும் அணை கட்டின. ஆனால் சுற்றியுள்ள ஊர்கள் நிலத்தடி நீரை இறைப்பது நிற்கவில்லை. பீவர் தண்ணியை மறிக்கும், மோட்டரை நிறுத்தாது.

ஆகவே 'அது இயற்கையாகவே வறண்ட இடம்' எண்டு இனி யாரும் சொன்னால், வறள முதல் அங்க ஆர் இருந்தது எண்டு கேப்பம்.