திரையும் தடுப்புச்சுவரும்: கிறிஸ்துவின் மரணமும் இறையணுகல் உரிமையும்

முன்னுரை

கிறிஸ்துவின் மரணத்தால் மனிதர் வேறு இடைநிலையாளர் இன்றி இறைவனை அணுகும் உரிமை பெற்றனர் என்பது கிறித்தவ இறையியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. புதிய ஏற்பாடு இக்கருத்தை எருசலேம் தேவாலயத்தின் கட்டட அமைப்பைக் கொண்டு விளக்குகிறது. அங்கு திரை, தடுப்புச்சுவர் என இரு தடைகள் இருந்தன. திருச்சபை வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே வகையில் கருதப்படவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தேவாலயத்தின் இரு தடைகள்

இரண்டாம் தேவாலயத்தில் தூய்மை படிநிலையாக வரையறுக்கப்பட்டிருந்தது. பிற இனத்தார், யூதப் பெண்கள், ஆண்கள், குருக்கள் என ஒவ்வொரு பிரிவினருக்கும் தனி எல்லை உண்டு. திரைக்கு அப்பாலிருந்த மகா பரிசுத்த ஸ்தலத்தில் தலைமைக் குரு மட்டுமே, ஆண்டுக்கு ஒரு நாள், பலியின் இரத்தத்துடன் நுழைவார். புறமுற்றத்தை அடுத்த தடுப்புச்சுவரோ பிற இனத்தாரை நிறுத்தியது. அதைக் கடப்பவர் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டை 1871இல் கிளெர்மோன்-கன்னோ கண்டறிந்தார்.

புதிய ஏற்பாட்டு விளக்கம்

இயேசு உயிர்நீத்ததும் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்ததாக மாற்கும் மத்தேயுவும் கூறுகின்றனர்; லூக்கா அதனை மரணத்திற்கு முன் வைக்கிறார். எபிரெயர் நிருபம் ஒரு படி மேலே சென்று, கிறிஸ்துவின் உடலையே அத்திரையாகக் காண்கிறது (10:19-20). எபேசியர் நிருபம் பகைமையின் நடுச்சுவர் தகர்ந்ததாகக் கூறுகிறது (2:14). அது கல்வெட்டுச் சுவரைக் குறிக்கிறதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தந்தையிடம் செல்லும் உரிமை யூதர், பிற இனத்தார் ஆகிய இருதிறத்தாருக்கும் ஒருங்கே உரியது என அந்நிருபம் தொடர்ந்து கூறுவது (2:18) கருதத்தக்கது. அதன்படி இறையணுகல் தனிமனித உரிமை மட்டுமன்று. பிரிந்திருந்தோர் ஒன்றாகச் சென்றடையும் உரிமையாகும்.

திரை பற்றிய விவாதம்

பிற்கால இறையியல் விவாதம் பெரிதும் திரையையே சுற்றியமைந்தது. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன், நற்கருணையில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நின்று செயல்படுகிறார் என்றார். 1520இல் மார்ட்டின் லூதர், திருமுழுக்குப் பெற்ற யாவரும் குருக்களே என வாதிட்டார். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் அதனை மறுத்துத் திருநிலைக் குருத்துவத்தை உறுதிசெய்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுக் குருத்துவத்தை ஏற்று, திருநிலைக் குருத்துவம் அதனின்று இயல்பிலேயே வேறுபட்டது என விளக்கியது.

சுவரின் தொடர்ச்சி

தமிழகத்தில் சுவரே சிக்கலாயிற்று. அனைவரும் குருக்களே எனப் போதித்த மரபிலும் சாதிவாரி இருக்கைகள் நீடித்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைக் கைவிடப் பணித்தபோது தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் எதிர்ப்பு எழுந்தது. கத்தோலிக்கரிடையேயும் இந்நிலை இருந்தது. நெல்லைப் பகுதியின் வடக்கன்குளம் ஆலயம், வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமரும்படி, பலிபீடத்தருகே இணையும் இரு பகுதிகளாகக் கட்டப்பட்டது. இடையிலிருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பக் கோரி வேளாளர் தரப்பு தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை.

முடிவுரை

வடக்கன்குளத்தில் இரு சாராரும் ஒரே பலிபீடத்தையே நோக்கினர். இறைவனை அணுக எவருக்கும் தடையில்லை என்றே அவ்வமைப்புக்கு நியாயம் கூற இயலும். எபேசியர் நிருபம் அந்நியாயத்தை ஏற்க இடமில்லை. சுவர் நிற்கும் வரை திரை கிழிந்ததன் பொருள் முழுமை பெறாது என்பதே அந்நிருபத்தின் வழி பெறப்படும் முடிவாகும். எனவே தமிழ்க் கிறித்தவத்தின் சாதி எதிர்ப்பு வரலாற்றைச் சமூகச் சீர்திருத்தமாக மட்டுமன்றி, கிறிஸ்துவின் மரணத்திற்குப் பொருள் காணும் இறையியல் வரலாற்றின் பகுதியாகவும் ஆராய்தல் வேண்டும்.