தறியும் விழியும்: காஞ்சி நெசவாளரும் கண் மருத்துவ வரலாறும்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுவோர் அதன் கோயில்களையும் பட்டையும் எழுதாமல் விடுவதில்லை. அந்நகர மக்களின் கண்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் காஞ்சிக்கும் பார்வைக்குமான தொடர்பு பழமையானது. பார்வையிழந்த சுந்தரர் தம் இடக்கண்ணைக் காஞ்சி ஏகம்பத்திலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் மீளப் பெற்றதாகச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. நம் அண்டை வீட்டாரின் இம்மரபைப் படிக்கும்போது, திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் நம் நினைவுக்கு வருகிறது. மகனைப் பிரிந்த துயரால் வெளுத்துப்போன யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள், யூசுஃப் நபி (அலை) அவர்களின் சட்டை முகத்தில் இடப்பட்டதும் ஒளி பெற்றன. ஓர் ஆடை பார்வையைத் தந்த வரலாறு அது. ஆடை நெய்வோர் பார்வை மங்கித் தறியை இழக்கும் வரலாறு ஒன்றும் உண்டு. அதையே இங்கு ஆராய விழைகிறோம்.

குழித்தறியின் வெளிச்சம்

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் வீடே தொழிற்கூடம். நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு அமர்கிறார். அவருடைய கண்ணுக்கும் பாவுக்கும் இடையே ஒரு முழத் தொலைவே இருக்கும். கருஞ்சிவப்பிலும் கருநீலத்திலும் ஓடும் மெல்லிய பட்டிழைகளில் ஒன்று அறுந்தால், அதைக் கண்டுபிடித்து முடிச்சிட வேண்டும். ஒரு பாவு தீர்ந்து மறுபாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான பழைய இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஜரிகையோ விளக்கொளியில் மின்னிக் கண்ணைக் கூசச் செய்வது. இவ்வளவும் நடப்பது பல வீடுகளில் ஒரு சன்னலின் வெளிச்சத்திலோ ஒற்றை விளக்கின் அடியிலோதான்.

உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வை நெசவுக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருபுறத்து நாடாவை எறிய உதவியாள் ஒருவர் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக உழைத்த குழந்தைகளைப் பற்றியது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பார்வைக் குறை கண்டறியப்படும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடமே. பள்ளிக்கே போகாத குழந்தையின் குறையைக் கண்டறிய எவரும் இல்லை என்பதை இங்குச் சேர்த்தெண்ண வேண்டும்.

தறி கண்ணைக் கெடுக்கிறது என்று நெசவாளர் சொல்வதில் பாதியே உண்மை. நாற்பது வயதை ஒட்டி எல்லா மனிதருக்கும் கண்ணின் வில்லை நெகிழ்வை இழக்கிறது. அருகிலுள்ளவை மங்குகின்றன. இதையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். நூல் படிப்பவர் புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கலாம். தறியில் அமர்ந்தவர் பாவைத் தள்ளிவைக்க இயலாது. எனவே தறி நோயைத் தருவதில்லை. எல்லாருக்கும் வரும் குறையை இழப்பாக மாற்றிவிடுகிறது. கைத்திறன் உச்சத்தை எட்டிய வயதில் புட்டாச் சேலையை விட்டு எளிய நெசவுக்கும், பின்னர் தார் சுற்றும் வேலைக்கும் அவர் இறங்குகிறார். கண்புரை தொடங்கினால் வில்லை மஞ்சளித்து, நீலத்துக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரியாமற் போகிறது. நிறமே பிழைப்பான ஊரில் அது சிறிய இழப்பன்று.

கஹ்ஹால்கள் வளர்த்த கலை

பார்வையைக் காப்பது தனிமனிதரின் விதியைப் பொறுத்ததன்று, சமூகத்தின் கடமை என்னும் எண்ணம் இஸ்லாமிய நாகரிகத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. கண்புரையை ஊசியால் விலக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை முன்பே விளக்கியிருந்தது. அந்நூல் அப்பாசியர் காலத்தில் மன்கா என்னும் இந்திய மருத்துவரால் அரபியில் ஆக்கப்பட்டதாக இப்னுந் நதீம் தம் நூற்பட்டியலில் பதிந்துள்ளார். கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் எழுதினார். பக்தாதில் அலீ இப்னு ஈஸா தம் ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ நூலில் ஏறத்தாழ 130 கண் நோய்களை விவரித்தார். மோசுலில் பிறந்து எகிப்தில் பணியாற்றிய அம்மார் அல் மவ்ஸிலீ, உட்குழிவான ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என நிறுவினார் பஸ்ராவின் இப்னுல் ஹைதம் (சு. 965-1040). பார்வை உணர்வு வில்லையில் எழுகிறது என்று அவர் கருதியது பிழை. பிம்பம் விழுவது விழித்திரையில் என்பதை 1604இல் கெப்ளர் திருத்தினார். பிழையோடு சேர்த்தே அறிவு வளர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இவர்களின் நூல்களைவிட நம் கவனத்தை ஈர்ப்பவை இரு ஏற்பாடுகள். 12ஆம் நூற்றாண்டில் அங்காடிக் கண்காணிப்பாளர்களுக்கென அல் ஷைஸரீ எழுதிய கையேடு, கண் மருத்துவர்களை ஹுனைனின் நூலைக் கொண்டு சோதித்த பின்னரே தொழில் செய்ய விடவேண்டும் என்கிறது. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் கண் நோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. அதன் செலவை வக்ஃபு வருவாய் ஏற்றது. அறிவும் கண்காணிப்பும் அறக்கொடையும் சேர்ந்தபோதுதான் ஏழையின் கண்ணுக்கு மருந்து கிடைத்தது.

தஞ்சையிலிருந்து எழும்பூர் வரை

மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. தமிழகத்தில் புதிய கண் மருத்துவத்தின் அரிய சான்று தஞ்சையில் உள்ளது. மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) கண் நோயாளரின் குறிப்புகளை வண்ண ஓவியங்களுடன் எழுதிவைக்கச் செய்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அக்காலத்திலேயே, 1819இல், சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1805இல் இலண்டனில் தோன்றிய மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்குப் பதினான்கு ஆண்டுகளே இளையது அது. இன்று எழும்பூரில் அரசுக் கண் மருத்துவமனையாக விளங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கண்காணிப்பாளராக இருந்த எலியட், கண் அழுத்த நோய்க்கு அமைத்த அறுவை முறை உலகெங்கும் அவர் பெயரால் அறியப்பட்டது. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, பணம் தருவோரின் கட்டணத்தைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகப் புரை நீக்கும் வழியைக் காட்டியது. வக்ஃபின் நோக்கத்தை வேறொரு வடிவில் அதில் நாம் காண்கிறோம்.

வெள்ளெழுத்தின் விலை

கண்புரைக்கு முகாம்கள் நடக்கின்றன. வெள்ளெழுத்தோ நோயாகவே கருதப்படுவதில்லை. அதன் விலை இன்ன அளவு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதைக் கடந்த தொழிலாளரிடையே நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிட்டப்பார்வைக்கான கண்ணாடி பெற்றோரின் உற்பத்தி, பெறாதோருடையதைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுதியாக உயர்ந்தது. பங்களாதேசத்தின் சிற்றூர்களில் நெசவாளர், தையற்காரர் முதலியோரை உள்ளடக்கி நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் வருவாய் எட்டே மாதங்களில் 33 விழுக்காடு உயர்ந்தது. அதற்குத் தேவைப்பட்டது அறுவையன்று. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் குவிவில்லைக் கண்ணாடி மட்டுமே.

இது காஞ்சிக்கு மட்டும் உரிய கணக்கன்று. பத்தமடையில் நுண்ணிய கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்களுக்கும் இதே வயதில் இதே மங்கல் வருகிறது. கண்ணாடி அணிந்தால் முதுமை வெளிப்படும் என்ற கூச்சமும், ஒருமுறை அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்ற தவறான அச்சமும் அவர்களைத் தடுக்கின்றன. கண்ணாடி வெள்ளெழுத்தை வளர்ப்பதில்லை. அணியாவிடினும் அது வயதோடு வளரவே செய்யும்.

வீட்டுக்குள் இருக்கும் இடர்

நம் வீடுகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று நீரிழிவு. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் உண்டு. சென்னையில் முன்னர் நடந்த ஆய்வொன்று நீரிழிவாளருள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராது. ஆகவே குறை தெரியாதபோதே ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதிப்பது இன்றியமையாதது. மற்றொன்று சுர்மா. ‘இஸ்மித்’ என்று நபிமொழிகளில் வரும் அஞ்சனக் கல்லின் பெயரால் கடைகளில் விற்கப்படும் சுர்மாக்கள் பலவற்றில் இருப்பது ஈயத்தின் சல்ஃபைடு என்று சோதனைகள் காட்டியுள்ளன. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. சுன்னத்தைப் பேணும் ஆர்வம் சந்தைச் சரக்கின் தூய்மைக்குச் சான்றாகாது. மருத்துவரையும் சரக்கையும் சோதித்தறிவதும் நம் முன்னோர் வழியே என்பதை ஷைஸரீயின் கையேடு நினைவூட்டுகிறது.

கலாவூனின் மருத்துவமனை நுழைவோரின் செல்வத்தைக் கேட்கவில்லை. பட்டணிந்து மணவிழாக்களுக்குச் செல்லும் நம் குடும்பங்களுக்கும் அதை நெய்தவருக்கும் இடையே ஒரு கடன் உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கொருமுறை தன் பகுதியில் தறியிலும் தையலிலும் பாய்முடைதலிலும் ஈடுபட்டோர் அனைவரையும், சமயம் பாராது, கண் சோதனைக்கு அழைத்துக் கண்ணாடி வழங்குமாயின், அது பெருஞ்செலவாகாது. வெள்ளெழுத்தால் தார் சுற்றும் மூலைக்குப் போன கைகள் மீண்டும் தறியில் அமரும். யூசுஃப் நபியின் சட்டை ஒரு தந்தைக்குச் செய்ததை, நம் அறக்கொடை பல தந்தையருக்குச் சிறிதளவேனும் செய்யக்கூடும்.